கரு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளுமா?

கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணுடன் துணைக்கு வரும் பெரியவர்களிடம் அவருடைய உணவைப் பற்றி வினவினால், எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் விடை ஒன்று உண்டு: "கொஞ்சமாத்தான் சாப்பிடுதுங்க. அதனால என்னங்க, வயித்துப் புள்ள தனக்கு வேணுங்கறத எடுத்துக்குமில்லைங்களா?" இது அன்பின்மையால் சொல்லப்படுவதன்று. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய நம்பிக்கை. தம் காலத்தில் தாமும் அப்படியே உண்டு, அப்படியே பெற்றெடுத்தவர்களின் ஆறுதல்மொழி.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதி பிழை. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பது குழந்தைதான். கரு தானாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை; எடுத்துக் கொடுப்பது நஞ்சுக்கொடி. அது தாயின் இருப்பை அறிந்தே கொடுக்கிறது. இருப்பு குறைந்தால் தன் கையையும் சுருக்கிக்கொள்கிறது. ஆதலால், வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கத்தை நம் இல்லங்கள் அறவே கைவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதனை அறிவுரையாக மட்டும் சொல்லாமல், அதற்கான காரணத்தையும் விளக்க விரும்புகிறோம்.

நஞ்சுக்கொடி என்னும் உறுப்பு

பிரசவம் முடிந்ததும் 'நஞ்சு' என்று சொல்லி நாம் அகற்றிவிடும் உறுப்புதான் அத்தனை மாதங்களும் குழந்தைக்கு உணவூட்டியது. நிறைமாதத்தில் அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. அதனுள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து செல்லும் நுண்ணிய விரல்கள் எண்ணற்றவை. அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்து வைத்தால் பத்துச் சதுர மீட்டருக்கும் மேல், அதாவது ஒரு சிறிய அறையின் தரையளவு இருக்கும். இந்த விரல்களின் வெளிப்புறத்தைத் தாயின் இரத்தம் நனைக்கிறது. உட்புறத்தில் குழந்தையின் இரத்தம் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. இடையே மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று காவல் நிற்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் ஒவ்வொன்றும் அந்தக் காவலைக் கடந்தே செல்ல வேண்டும்.

நாம் உண்ணும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம், புரதமாகவே குழந்தையைச் சென்றடைவதில்லை. தாயின் குடலில் அது செரிக்கப்பட்டு, அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகளாகப் பிரிகிறது. வீடு கட்டச் செங்கல் எப்படியோ, உடலுக்கு அமினோ அமிலங்கள் அப்படி. குழந்தையின் தசை, இதயம், மூளை, தோல், குருதி ஆகிய அனைத்தும் இவற்றைக் கொண்டே கட்டப்படுகின்றன. புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்பதை மனித உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். கருவிலுள்ள குழந்தைக்கோ தாயின் உணவன்றி வேறு உணவில்லை.

வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்

சர்க்கரை தாயின் இரத்தத்தில் மிகுதியாகவும் குழந்தையின் இரத்தத்தில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஆகவே அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் வாய்க்கால் நீரைப் போல, திறந்த மடை வழியே தானாகவே குழந்தையின் பக்கம் செல்கிறது. அமினோ அமிலங்களின் நிலை வேறு. அவற்றுள் பெரும்பாலானவை தாயின் இரத்தத்தைவிடக் குழந்தையின் இரத்தத்திலேயே மிகுதியாக உள்ளன. கருவில் வளரும் உயிரினங்களின் இந்த இயல்பை ஹால்வர் கிறிஸ்டென்சன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1948-ஆம் ஆண்டிலேயே விலங்குகளில் ஆராய்ந்து எழுதினார். குறைவான இடத்திலிருந்து மிகுதியான இடத்துக்கு ஒரு பொருள் தானாகச் செல்லாது. கிணற்று நீரை மேலேற்ற வேண்டுமானால் கவலை கட்டி மாடுகள் இழுக்க வேண்டும். அல்லது மின்மோட்டார் ஓட வேண்டும். நஞ்சுக்கொடி செய்வது இந்த ஏற்றத்தைத்தான்.

அந்தப் படலத்தின் தாய்ப்பக்கத்தில் கடத்திப் புரதங்கள் பல உள்ளன. நஞ்சுக்கொடியின் செல், ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைக்கிறது. அந்தச் சோடியம் மீண்டும் உள்ளே நுழைய முயலும்போது, அலனின், கிளைசின் போன்ற சிறிய அமினோ அமிலங்களையும் தன்னோடு இழுத்து வருகிறது. இவ்வாறு உள்ளே சேர்ந்த சரக்கைக் கொண்டு அடுத்ததாக ஒரு பண்டமாற்று நடைபெறுகிறது. உள்ளிருக்கும் சிறிய அமினோ அமிலம் ஒன்று வெளியே கொடுக்கப்பட்டு, குழந்தைக்கு இன்றியமையாத லூசின் போன்ற ஒன்று அதற்கு ஈடாக உள்ளே பெறப்படுகிறது. பின்னர் குழந்தைப் பக்கத்து வாயில்கள் வழியே அவை தொப்புள்கொடியின் குருதியைச் சென்றடைகின்றன.

எல்லா அமினோ அமிலங்களும் ஒரே வழியில் செல்வதும் இல்லை. குளுட்டமேட் என்பதை நஞ்சுக்கொடி தாயிடமிருந்து குழந்தைக்குக் கடத்துவதில்லை என்றே சொல்லலாம். மாறாக, குழந்தையின் கல்லீரல் வெளியிடும் குளுட்டமேட்டைத் தான் வாங்கி எரிபொருளாக்கிக்கொண்டு, குளுட்டமின் என்னும் வேறொன்றைக் குழந்தைக்குத் தருகிறது. நஞ்சுக்கொடி வெறும் குழாய் அன்று என்பதற்கு இது ஒன்றே சான்று. அது வாங்கும், விற்கும், மாற்றும், தானும் உண்ணும். கருப்பை பெறும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த உறுப்பே தன் உழைப்புக்காகச் செலவிட்டுவிடுகிறது.

"குழந்தை எடுத்துக்கொள்ளும்" என்னும் நம்பிக்கையின் உண்மையான பாதி இதுதான். தாயின் இரத்தத்தில் குறைவாக இருந்தாலும், அதைத் திரட்டிக் குழந்தையின் பக்கம் உயர்த்தித் தரும் ஆற்றல் நஞ்சுக்கொடிக்கு உண்டு. ஆனால் கிணற்றில் நீர் இருக்கும்வரைதான் ஏற்றம் இறைக்கும்.

இருப்பு குறையும்போது

தாய்க்கு உணவு குறைந்தால் நஞ்சுக்கொடி இன்னும் கடுமையாக உழைத்து ஈடுகட்டும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆய்வுகள் காட்டுவது வேறு. கருவுற்ற எலிகளுக்குப் புரதம் குறைந்த உணவளித்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2006-இல் வெளியாயிற்று. குட்டிகளின் எடை குறையத் தொடங்குவதற்கு முன்னரே, நஞ்சுக்கொடியின் அமினோ அமிலக் கடத்தல் குறைந்துவிட்டதை அது காட்டியது. அதாவது, குட்டி சிறுத்ததால் கடத்தல் குறையவில்லை. கடத்தல் குறைந்ததால்தான் குட்டி சிறுத்தது. தாயின் உணவு நிலையை உணரும் உணர்விகள் நஞ்சுக்கொடியினுள் இருக்கின்றன என்றும், பற்றாக்குறையை உணர்ந்ததும் அது வழங்குவதைக் குறைத்துக்கொள்கிறது என்றும் இன்று அறிகிறோம். மனிதரிலும், கருவில் வளர்ச்சி தடைப்பட்டுப் பிறந்த குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் இந்தக் கடத்திகளின் செயல்திறன் குறைந்திருப்பதை 1990-களில் இங்கிலாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

போர்க்காலம் ஒன்றும் இதற்குச் சான்று பகர்கிறது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பஞ்சத்துக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. குழந்தை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளுமானால் அந்த 300 கிராம் குறைந்திருக்கக் கூடாது. அதே வரலாறு ஒரு நம்பிக்கையையும் தருகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பஞ்சத்தில் வாடி, பின்னர் நல்ல உணவு பெற்ற தாய்மாரின் குழந்தைகள் எடை குறையாமல் பிறந்தன. அவர்களுக்கும் பிற்காலத்தில் சில நோய்கள் மிகுந்தன என்பது உண்மையே. எனினும், ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ உணவைத் திருத்திக்கொள்ளும் பெண்ணுக்குக் காலம் கடந்துவிடவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. மகாராஷ்டிரத்தின் புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் தாய்மாரையும் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. எடைக் குறைவைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் வெளிப்பட்டது. இக்குழந்தைகளின் தசை மெலிந்திருந்தது. தோலுக்கடியிலுள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. தசை என்பது அமினோ அமிலங்களால் ஆனது என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும். இத்தகைய உடலமைப்போடு பிறப்பவர்களுக்கு நாற்பது வயதில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு மிகுதி.

எடை குறைந்த குழந்தைக்கு உடனடி ஆபத்தும் உண்டு. 2014 நவம்பரில் தருமபுரியில் ஒரு சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்த துயரம் நாடெங்கும் பேசப்பட்டது. குறைந்த பிறப்பு எடை அப்போது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வளர்ந்திருக்கின்றன. எனினும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தை தன் உடல் வெப்பத்தைக் காக்கவும், பால் குடிக்கவும், கிருமியை எதிர்க்கவும் இன்றும் கூடுதலாகப் போராட வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடங்குவதைவிட வீட்டு அடுப்படியில் தொடங்குவது மேல்.

நம் தட்டில் இருப்பவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதனுடன் ஏறத்தாழ 10 கிராமும், ஏழாம் மாதம் முதல் 22 கிராமும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, கடைசி மூன்று மாதங்களில் 68 கிராம் அளவுக்கு வேண்டும்.

இது எட்டாத உயரமன்று. ஒரு நாளில் 150 கிராம் கேழ்வரகு மாவு, 150 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு அல்லது பயறு, இரண்டு முட்டை, இரண்டு குவளை பால் அல்லது தயிர், ஒரு கைப்பிடி நிலக்கடலை ஆகியவற்றை உண்டால் அந்த அளவு நிறைவேறிவிடும். முட்டை உண்ணாதவர்கள் பயறும் பாலும் நிலக்கடலையும் கூட்டிக்கொள்ளலாம். மீனோ இறைச்சியோ கிடைக்கும் நாளில் அது கூடுதல் நன்மை.

கேழ்வரகில் லைசின் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் குறைவு. அவரை, துவரை, கொள்ளு ஆகியவற்றில் அது நிறைவு. பயறுகளில் குறைவாயுள்ள மெத்தியோனின் கேழ்வரகில் போதிய அளவு உண்டு. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பும் கொள்ளுக் கடைசலும் ஊற்றி உண்ட நம் முன்னோர், ஒன்றின் குறையை மற்றொன்றால் நிறைத்து வந்திருக்கிறார்கள். இன்று பல வீடுகளில் களி போய்ச் சோறு வந்துவிட்டது. குழம்பிலிருந்த கொட்டை குறைந்து, நீர் மிகுந்துவிட்டது. கர்ப்பிணியின் தட்டில் சோறு குவிந்திருக்கும், மேலே ரசம் இருக்கும், புரதம் இராது. நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு குறைந்த விலையில் கிடைக்கிறது. 2023 முதல் நம் தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகும் வழங்கப்படுகிறது. பழைய தட்டை மீட்டெடுப்பது கடினமன்று.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வயிறு நிறையாமல் புரதம் மட்டும் உண்டு பயனில்லை. உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது, முட்டையின் புரதமும் விறகாக எரிந்துவிடும்; குழந்தையைக் கட்ட அது மிஞ்சாது. மற்றொன்று, விலையுயர்ந்த புரதப் பொடிகள் நல்ல உணவுக்கு மாற்றாகா. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1970-களில் நடந்த ஆய்வில், புரதம் மிகச் செறிந்த இணையுணவு பெற்ற தாய்மாரிடையே மிக முன்கூட்டிய பிரசவங்களும் குழந்தை இறப்புகளும் குறையாமல், கூடுதலாகவே காணப்பட்டன. ஊட்டம் குறைந்த பெண்களுக்கு ஆற்றலும் புரதமும் சமச்சீராக அமைந்த கூடுதல் உணவையே உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. புரதம் மிகச் செறிந்த இணையுணவை அது பரிந்துரைக்கவில்லை. மருத்துவர் எழுதித் தராத பொடிக்குச் செலவிடும் பணத்தில் பல நாட்களுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

"குறைவாக உண்டால் குழந்தை சிறிதாக இருக்கும், பிரசவம் எளிதாகும்" என்று சொல்வோரும் உளர். சிறிதாகும் குழந்தை தலையில் மட்டும் சிறுப்பதில்லை. தசையிலும் நோய் எதிர்ப்பாற்றலிலும் சிறுக்கிறது. பிரசவ வலியைத் தாங்கும் வலு வலுவற்ற குழந்தைக்குக் குறைவு. "முட்டை சூடு, கொள்ளு சூடு" என்று விலக்குவோருக்கும் ஒரு சொல்: நன்கு வேகவைத்து உணவளவில் உண்ணும் இவற்றால் கருவுக்குத் தீங்கில்லை. கொள்ளு மனத்துக்கு ஒப்பவில்லையெனில் பாசிப்பயறும் துவரையும் அவரையும் இருக்கின்றன.

தட்டுக்கு அப்பால்

நஞ்சுக்கொடியின் ஏற்றம் ஓட ஆக்சிஜன் வேண்டும். அதனைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டும். அதனை ஒட்டித் தேநீரோ காப்பியோ அருந்தலாகாது. வீட்டுக்குள் புகைக்கும் பீடியும், காற்றோட்டமில்லாத விறகடுப்பின் புகையும் குழந்தையின் எடையைக் குறைப்பவை. பீடியை வாசலுக்கு வெளியே விடுவதற்குக் கணவருக்குப் பணம் ஒன்றும் செலவாகாது.

உழைப்பும் கணக்கில் சேரும். முன்னர்ச் சொன்ன புனே கிராமங்களில், கர்ப்பகாலத்தில் கடும் உடலுழைப்பில் ஈடுபட்ட தாய்மாரின் குழந்தைகள் சிறியவையாகப் பிறந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. குடம் சுமப்பதையும் காட்டு வேலையையும் கடைசி மாதங்களில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது, தட்டில் ஒரு முட்டை கூடுவதற்கு ஒப்பாகும். இளவயதுத் திருமணத்தின் தீங்கும் இவ்விடத்தில் விளங்கும். தானே இன்னும் வளர்ந்து கொண்டிருக்கும் சிறுமியின் உடலும் அவள் வயிற்றிலுள்ள கருவும் ஒரே அமினோ அமிலங்களுக்காகப் போட்டியிட நேர்கிறது. பதினெட்டு வயது என்னும் சட்ட வரம்புக்கு உடலியல் காரணமும் உண்டு.

யார் முதலில் உண்பது?

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987 முதல் நடைமுறையில் உள்ளது. 2018-இல் உதவியின் மதிப்பு 12,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கும். அங்கன்வாடியில் சத்துமாவும் கிடைக்கிறது. ஆனால் பெட்டகம் வீட்டை அடைந்ததும் அதிலுள்ளவை அனைவருக்கும் பங்காகிவிடுவதையும், பணம் பழைய கடனுக்குச் சென்றுவிடுவதையும் நாங்கள் தொடர்ந்து கேட்டறிகிறோம். வறுமையை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். மழை பொய்த்த ஆண்டும், கணவர் வேலை தேடி வெளியூர் சென்ற வீடும் நமக்குப் பழக்கமானவையே. எனினும், இருப்பது எவ்வளவாயினும் அதில் முதல் பங்கு யாருக்கு என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நன்றாக உண்ட தாய்க்கும் எடை குறைந்த குழந்தை பிறக்கக்கூடும். உயர் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டக் குறை, தொற்று, இரட்டைக் கரு எனக் காரணங்கள் பல. ஆகவே சிறு குழந்தையைப் பெற்ற தாயைப் பழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. நாம் கேட்பது தாயிடம் அன்று, அவரைச் சுற்றியிருப்பவர்களிடம்.

சிறுநீரக நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேற்சொன்ன உணவளவைத் தம் மருத்துவரிடம் கேட்டே பின்பற்ற வேண்டும். நான்காம் மாதத்துக்குப் பின் மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடை கூடுகிறதா என்று கவனியுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாளுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, முந்தைய நாள் காலை முதல் இரவு வரை கர்ப்பிணி உண்டதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அவர் வீட்டில் எத்தனையாவது ஆளாக உண்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் போலவே அந்தத் தாளையும் நாங்கள் கருத்துடன் படிப்போம்.